பில் தவறு என்றால், எந்த எண் தவறு?

தனியாக வசிக்கும் அந்த அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய தண்ணீர் பில்லில் மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று யூனிட்டுக்கு மேல் நான் பார்த்ததில்லை. ஒரு மாதம் 282 யூனிட் என்று வந்தது. ஒரு யூனிட் என்றால் ஒரு கன மீட்டர், 1,000 லிட்டர். அப்படியானால் மாதத்துக்கு 2,82,000 லிட்டர். நாளொன்றுக்கு 9,400 லிட்டர். ஒற்றை ஆள் குளித்து, சமைத்து, துவைத்து இவ்வளவைத் தீர்க்க முடியாது. பில்லைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். “மீட்டர் காட்டுவதுதான் பில்லில் வரும், அம்மா. முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு மனு கொடுங்கள்” என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“இவ்வளவு தொகை எப்படி வரும் சார், நான் தனி ஆள்” என்பதுதான் அவர் அங்கே திரும்பத் திரும்பச் சொன்னது. அது முழு உண்மை. ஆனால் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. அளவீட்டைத் திருத்தலாம், விகிதத்தைத் திருத்தலாம், வரவாகாத பணத்தைத் தேடி வரவு வைக்கலாம். தொகையை அப்படியே குறைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. தொகை என்பது கடைசியில் வந்து விழும் விடை. தவறு அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடிக்கும் வேலை, நியாயப்படி பில் அனுப்பியவருடையது. நடைமுறையில் அது பில் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

வீட்டுக்கு வரும் உள்ளாட்சிச் சேவை பில் எந்த ஊரில் எந்த வடிவத்தில் இருந்தாலும் அதன் உள்கட்டு ஏறக்குறைய ஒன்றுதான். முந்தைய அளவீடு, தற்போதைய அளவீடு, இரண்டுக்குமான வித்தியாசம், அதற்கான விகிதம். தண்ணீர்ப் பயன்பாட்டை வைத்துக் கணக்கிடப்படும் கழிவுநீர்க் கட்டணம். குப்பை அகற்றல் போன்ற நிலையான கட்டணங்கள். சில ஊர்களில் இதே தாளில் சொத்து வரியும் மின்சாரமும். எல்லாவற்றுக்கும் கீழே, பழைய நிலுவையும் அதன் வட்டியும். இதில் ஒரு வரி பிசகினால் அதற்குக் கீழுள்ளவை எல்லாம் பிசகும். தண்ணீர் அளவு தவறாகப் பதிவானால் கழிவுநீர்க் கட்டணமும் கூடவே ஏறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுநாள் மீட்டரைப் பார்க்கப் போனோம். மீட்டர் பெட்டியின் மூடி மண்ணோடு இறுகிக் கிடந்தது. நெம்பித் திறந்தால் சிலந்திவலை, சருகு, அடியில் கொஞ்சம் ஈரம். கண்ணாடியில் சேறு படிந்திருந்தது. துணியால் துடைத்த பிறகுதான் இலக்கங்கள் தெரிந்தன. கறுப்பில் நான்கு இலக்கம், சிவப்பில் மூன்று. இந்த வகை மீட்டரில் கறுப்பு இலக்கங்கள் முழுக் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு, தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் பகுதி. பில் போடுவது கறுப்புக்கு மட்டும். டார்ச் அடித்துப் பார்த்தபோது கறுப்பில் தெரிந்த எண் 0477.

பில்லில் பத்து நாள் முந்தைய தேதியிட்டு எழுதியிருந்த தற்போதைய அளவீடு 743. தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது மீட்டர் முன்னால்தான் ஓடும். பத்து நாள் முன்பு 743 காட்டிய மீட்டர் இன்று 477 காட்டாது. முந்தைய அளவீடு 461. அவர் வழக்கமாகச் செலவழிக்கும் 12 யூனிட்டைக் கூட்டினால் 473. அளவெடுத்தவர் 473 என்பதை 743 என்று எழுதியிருக்கிறார், அல்லது கணினியில் ஏற்றியவர் இடம் மாற்றித் தட்டியிருக்கிறார். கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். இங்கே வித்தியாசம் 270. ஒன்பது முப்பது இருநூற்று எழுபது.

இதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் அடுத்த மாதம் இன்னும் மோசமாகியிருக்கும். அடுத்த அளவீடு 485 என்று வரும்போது முந்தையது 743 ஆக இருக்கும். கழித்தால் எதிர்மறை எண். சில மென்பொருள்கள் இதைப் பிழையென்று நிறுத்தும். சில, மீட்டர் 9999ஐத் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த மாதப் பயன்பாடு 9,742 யூனிட் ஆகிவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு தொழிற்சாலைக்கான பில் வந்தது என்று அவ்வப்போது கேள்விப்படுகிறோமே, அவற்றில் சிலவற்றின் பின்னால் இருப்பது இப்படியொரு கழித்தல்தான்.

தவறின் வடிவமே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். தற்போதைய அளவீடு முந்தையதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு என்றால், சிவப்பு இலக்கம் ஒன்றையும் சேர்த்துப் படித்துவிட்டார்களா என்று பாருங்கள். மாதாமாதம் ஒரே எண், கொஞ்சமும் மாறாமல் வருகிறது என்றால் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை, சராசரி போட்டிருக்கிறார்கள். மீட்டர் மாற்றிய மாதத்தில் தாவியிருந்தால், பழைய மீட்டரின் கடைசி எண்ணும் புதிய மீட்டரின் தொடக்க எண்ணும் எப்படிப் பதிவாயின என்று கேளுங்கள். மீட்டரைக் கழற்ற வருபவரை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லி, கழற்றுவதற்கு முன் பழைய மீட்டரைப் படம் எடுத்துவிடுங்கள். அது போய்விட்டால் சாட்சியும் போய்விட்டது.

பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் மீட்டரின் உடலில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பதையும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரே சுவரில் வரிசையாக மீட்டர்கள் இருக்கும். பக்கத்து வீட்டு மீட்டர் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அவர் குளிப்பதற்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். சோதிப்பது எளிது: வீட்டில் ஒரு குழாயைத் திறந்துவிட்டு, எந்த மீட்டர் சுழல்கிறது என்று பார்த்தால் போதும்.

சராசரி பில்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நேர்மையாகப் பணம் கட்டுபவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதிகம் இழப்பது இங்கேதான். வீடு பூட்டியிருந்தது, மீட்டர் பெட்டியின் மேல் வண்டி நின்றது, ஆள் பற்றாக்குறை என்று ஏதோ காரணத்தால் அளவெடுக்காமல் சராசரி போடுவார்கள். பிறகு ஒரு நாள் உண்மையான அளவீடு எடுக்கும்போது, விட்டுப்போனது மொத்தமும் ஒரே பில்லில் வரும். “பயன்படுத்திய தண்ணீருக்குத்தானே கேட்கிறார்கள்” என்று நாமும் கட்டிவிடுகிறோம். ஆனால் பல இடங்களில் கட்டணம் படிப்படியாக ஏறுவது. கூடப் பயன்படுத்தினால் கூடுதல் யூனிட்டுக்குக் கூடுதல் விலை.

ஓர் உதாரணம். மாதத்தில் முதல் 10 யூனிட்டுக்கு விலை 1, அடுத்த 10 யூனிட்டுக்கு 2, அதற்கு மேல் 4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் சரியாக 10 யூனிட் செலவழிக்கிறது. ஐந்து மாதம் அளவெடுக்காமல் மாதம் 6 என்று பில் போடுகிறார்கள். ஐந்து மாதத்துக்கு 30 யூனிட், கட்டிய பணம் 30. ஆறாவது மாதம் மீட்டரைப் பார்க்கிறார்கள். உண்மையான மொத்தப் பயன்பாடு 60, எனவே பாக்கி 30 யூனிட் அந்த ஒரே மாதத்தின் பில்லில் ஏறுகிறது. முதல் 10க்கு 10, அடுத்த 10க்கு 20, மீதிப் பத்துக்கு 40, ஆக 70. முன்பு கட்டியதையும் சேர்த்தால் 100. மாதாமாதம் ஒழுங்காக அளவெடுத்திருந்தால் ஆறு மாதத்துக்கும் சேர்த்து வந்திருக்க வேண்டியது 60. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் செலவாகவில்லை. அளவெடுக்க வராததற்கான விலை 40, வீட்டுக்காரர் தலையில்.

இந்த மாதிரி பில்லை எதிர்க்கும்போது அளவீட்டை மறுக்கக் கூடாது, அளவீடு சரிதான். “இந்த 30 யூனிட்டையும் அது உண்மையில் செலவான ஆறு மாதங்களுக்குப் பிரித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய படியில் கணக்கிடுங்கள்” என்று கேட்க வேண்டும். அளவெடுக்கும் தேதி தள்ளிப்போன மாதத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 30 நாளுக்கான வரம்பை வைத்து 38 நாள் பயன்பாட்டை அளந்தால் கடைசி எட்டு நாள் வீணாக மேல் படிக்குப் போய்விடும்.

அளவீடும் சரி, விகிதமும் சரி, ஆனால் பயன்பாடு உண்மையிலேயே கூடியிருக்கிறது என்றால், கசிவைத் தேட வேண்டும். எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தால் அதன் வால்வையும் மூடுங்கள். மீட்டரின் முகப்பில் சிறு முக்கோணமோ நட்சத்திரமோ ஒன்று இருக்கும். அது நகர்ந்துகொண்டே இருந்தால் எங்கோ தண்ணீர் போகிறது. பிறகு மீட்டருக்கு அடுத்துள்ள வால்வை மூடுங்கள்: சுழற்சி நின்றால் கசிவு உங்கள் பக்கக் குழாயில். ஒரு லிட்டர் பாட்டிலை ஐந்து நிமிடத்தில் நிரப்பும் ஒழுக்கு பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். கணக்குப் போட்டால் நாளுக்கு 288 லிட்டர், முப்பது நாளில் எட்டரை யூனிட்டுக்கு மேல். கழிவறைத் தொட்டியின் கசிவு இதைவிடக் கள்ளத்தனமானது, சத்தமே வராது. தொட்டியில் கொஞ்சம் வண்ணப்பொடி கலந்து, தண்ணீர் இறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் அங்கேதான் போகிறது.

கசிவு உங்கள் பக்கம் என்று தெரிந்தால் தண்ணீருக்கான பணத்திலிருந்து பெரும்பாலும் தப்ப முடியாது. ஆனால் மண்ணுக்கடியில் கசிந்த தண்ணீர் சாக்கடைக்குப் போகவில்லை அல்லவா? அதனால் கழிவுநீர்ப் பகுதியையாவது குறைக்கும்படி கேட்கலாம். கசிவைச் சரிசெய்ததற்கான ரசீதும் படங்களும் காட்டினால் தள்ளுபடி தரும் நிர்வாகங்கள் உண்டு. பிளம்பரிடம் தேதியிட்ட ரசீது கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

பலரும் முதலில் சந்தேகப்படுவது மீட்டரை. நான் அதைக் கடைசியில் வைப்பேன். தண்ணீர் மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 4064 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, இரண்டாம் வகுப்பு மீட்டர் வழக்கமான ஓட்டத்தில் 2 சதவீதமும், மிகக் குறைந்த ஓட்டத்தில் 5 சதவீதமும் கூடவோ குறையவோ காட்டலாம். அதற்குள் இருந்தால் மீட்டர் தேறிவிட்டது. பில் இருபது மடங்கு ஏறியதை இந்தச் சின்ன இடைவெளி விளக்காது. போதாததற்கு, சக்கரம் சுழலும் பழைய மீட்டர் தேயத் தேயக் குறைவாகத்தான் காட்டும். புதிய மீட்டர் வைத்ததும் பில் ஏறினால், பழையது இத்தனை நாள் நமக்குச் சலுகை காட்டிக்கொண்டிருந்திருக்கலாம். பரிசோதனைக்குக் கட்டணமும் உண்டு. மீட்டர் தவறென்று தெரிந்தால் அதைத் திருப்பித் தருவதே பல இடங்களில் வழக்கம். ஒரே ஒரு நிலைமையில் மீட்டர் மீதான சந்தேகத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது: விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் இடங்களில், குழாய் வெறுமையாகி மறுபடி நிரம்பும்போது உள்ளே இருந்த காற்று மீட்டர் வழியாகப் பாய்ந்து அதைச் சுழற்றும். ஆய்வுக்கூடத்தில் தண்ணீரை மட்டும் ஓட்டிச் சோதித்தால் இது வெளிப்படாது. தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் மீட்டர் காற்றில் ஓடுவதை செல்போனில் வீடியோ எடுத்து வைப்பதே இதற்குச் சரியான சான்று.

“முந்தைய நிலுவை” என்ற வரியையும் அப்படியே கடந்துவிடாதீர்கள். ஒரு மாதத் தவறு அடுத்த மாதம் நிலுவை என்ற பெயரில் வரும். அதற்கடுத்த மாதம் வட்டி சேர்ந்துவிடும். மூன்று மாதம் கழித்துப் பில்லைப் பார்ப்பவருக்கு அந்தத் தொகை எங்கிருந்து முளைத்தது என்றே தெரியாது. நீங்கள் கட்டிய பணம் வேறு கணக்கு எண்ணில் போய் விழுந்திருக்கலாம், அல்லது யாருடையது என்று தெரியாமல் தனிக்கணக்கில் கிடக்கலாம். கணக்குக் கடைசியாகச் சரியாக இருந்த மாதத்திலிருந்து இன்றுவரையிலான முழு வரவு-பற்று விவரத்தை எழுத்தில் கேளுங்கள். நிலுவை பிறந்த மாதம் அதில் தெரிந்துவிடும்.

அந்த அம்மாவுக்காக எழுதிய மனு ஆறு வரிதான். பெயர், கணக்கு எண், மீட்டர் எண் மேலே. பிறகு: “இந்த மாதப் பில்லில் தற்போதைய அளவீடு 743 என்று உள்ளது. பில் தேதிக்குப் பத்து நாள் கழித்து எடுத்த இணைப்புப் படத்தில் மீட்டர் 477 காட்டுகிறது. எனவே 743 என்பது சாத்தியமில்லை. 473 என்பது மாறிப் பதிவாகியிருக்கலாம் என்று கருதுகிறேன். 282 யூனிட்டில் 270 யூனிட்டுக்கான தண்ணீர், கழிவுநீர்க் கட்டணங்களை மட்டும் மறுக்கிறேன். 12 யூனிட்டுக்கும் நிலையான கட்டணங்களுக்கும் உரிய தொகையை இன்று செலுத்திவிட்டேன். ரசீது இணைப்பில் உள்ளது. மறு அளவீடு எடுத்துத் திருத்திய பில் வழங்கவும், அதுவரை மறுத்த தொகைக்கு வட்டியோ இணைப்புத் துண்டிப்போ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.” கோபமோ கெஞ்சலோ இல்லை. கவுன்டரில் கொடுத்துவிட்டு, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். மனு எண் தரும் இடங்களில் அதை வாங்காமல் திரும்பவே கூடாது. போனில் பேசினால் பேசியவர் பெயர், நாள், நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறுக்கும் தொகையை மட்டும் தனியே பிரித்து, மறுக்காததைக் கட்டிவிடுவதற்குச் சட்டத்திலும் வலு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் 102ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு தொகை குறித்துத் தகராறு இருந்தால் அந்தத் தொகைக்காகக் கடன் வசூல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: எந்தத் தொகை, எந்த அடிப்படையில் தவறு என்று நிர்வாகம் அடையாளம் காணும் அளவுக்கு விவரம் தந்தால்தான் அது தகராறு. பொதுவாகக் குறைப்பட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 56ஆம் பிரிவு, இன்னொரு வழி தருகிறது: கேட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரியின்படியான தொகை, இவற்றில் குறைந்ததை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. பிரிட்டனில் வீட்டு மின்சாரம், எரிவாயுவுக்கு, நிறுவனத்தின் தவறால் பில் போடாமல் விட்டதை 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்க முடியாது என்ற விதி 2018 முதல் இருக்கிறது. உங்கள் ஊருக்கான விதி வேறாக இருக்கலாம். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

இந்த உரிமைகளுக்குப் பின்னால் சாதாரணக் குடும்பங்கள் பட்ட பாடு இருக்கிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு குடும்பம் வாங்கிய வீடு முன்பு இரண்டு குடித்தனமாகப் பிரிந்திருந்தது. அதனால் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் இரண்டிரண்டு மீட்டர்கள். மாதம் இரண்டு பில் வரத் தொடங்கியது. ஏன் என்று கேட்க அலைந்தும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. நகருக்குச் சொந்தமான அந்த நிறுவனம் 1973, 74 ஆண்டுகளில் ஐந்து முறை இணைப்பைத் துண்டித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978இல் வந்த தீர்ப்பு, துண்டிப்பு எச்சரிக்கை அனுப்பினால் மட்டும் போதாது என்றது. பில்லை மறுக்க வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தவறைத் திருத்தும் அதிகாரம் உள்ள ஓர் அலுவலரிடம் முறையிட வாய்ப்பும் தர வேண்டும். ‘அதிகாரம் உள்ள அலுவலர்’ என்பதை நான் மனத்தில் வைத்திருக்கிறேன். திருத்த முடியாதவரிடம் எத்தனை முறை முறையிட்டாலும் பயனில்லை. “இந்தப் பதிவைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு?” என்பதுதான் கவுன்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்தப் படியில் பதில் வராவிட்டால் மேலதிகாரி, பிறகு மேல்முறையீட்டுக் குழு, குறைதீர்ப்பாளர், நுகர்வோர் நீதிமன்றம் என்று அந்தந்த நாட்டில் உள்ள வரிசைப்படி போகலாம். அங்கெல்லாம் முதலில் கேட்பது அந்த முத்திரையிட்ட நகலைத்தான்.

வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய உரிமையாளரின் பாக்கி புதியவர் தலையில் விழுமா என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. விழாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. வேறு இடங்களில் விழக்கூடும். பத்திரம் முடிப்பதற்கு முன்பே நிலுவை இல்லை என்ற சான்றும், சாவி வாங்கும் அன்றே மீட்டரின் படமும் வாங்கிவிட வேண்டும்.

அம்மாவின் மனு மீது ஆள் வந்து அளவெடுத்தார். திருத்திய பில் வந்தது: 12 யூனிட். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அடுத்த பில்லில், ரத்தான தொகைக்கு ஏற்கெனவே ஏறியிருந்த வட்டி மட்டும் நிலுவை வரியில் அப்படியே உட்கார்ந்திருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அளவீட்டைத் திருத்தியவர் வட்டியைத் தொடவில்லை, அவ்வளவுதான். முதல் மனுவின் நகலை இணைத்து இன்னொரு மனு, இரண்டே வரி. அது நீங்க மேலும் ஒரு மாதம் ஆனது.

இப்போது அளவெடுக்கும் நாளன்று காலையில் அவரே மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எண்ணைப் பார்க்கிறார். சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியின் கட்டத்துக்குள் பென்சிலால் 485 என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த தாளில் 497.